ஏழாம் விதிப்படி அரைத்த வெளிச்சம்

வாவ்ப்ஷிக் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது அதன் அலுவலகக் கட்டடம் மட்டும் மிஞ்சியது. அதற்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டுமே என்று அரசாங்கம் யோசித்து, ஒளிர்பொருள் ஆய்வு நிலையம் ஒன்றை அதில் திறந்தது. கரி இருந்த இடத்தில் இனி வெளிச்சம் என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். கைதட்டியவர்களில் தெயோஃபிலும் ஒருவன். பதினோரு வருஷம் அடியில் கரி வெட்டியவன். சுரங்கம் மூடியபின் இரண்டு வருஷம் ஊருக்கு வெளியே காட்டில் திருட்டுக் குழி தோண்டி, மண்டியிட்டுக் கரி எடுத்து, மூட்டை கட்டி விற்றவன். அந்தக் குழியை அவன் மறந்தாலும் அவன் முழங்கால்கள் மறக்கவில்லை.

நிலையத்தில் அவனுக்கு வேலை, அரைப்பது. விஞ்ஞானிகள் கண்ணாடிக் குவளைகளில் எதையோ காய்ச்சி ஆறவைத்துப் படிகமாக்கித் தருவார்கள். அவன் அதைக் கல்வத்தில் போட்டுக் குழவியால் கால் மணி நேரம் அரைக்க வேண்டும். நிலையத்தின் ஏழாம் விதி அது. அந்த விதியை எழுதியவர் இயக்குநர் ஸபியேல்ஸ்கி. அவரை 'மாட்சிமை பொருந்திய ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும் வழக்கம் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு மட்டும் உரியது. ஆனால் தம்மை அப்படி அழைப்பவர்கள்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். மறுநாளிலிருந்து எல்லோரும் அழைத்தார்கள்.

ஏழாம் விதியைப் பற்றி அவர் வருஷத்துக்கு ஒருமுறை பேசுவார். "எந்தத் துகளும் இன்னொரு துகளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இருந்தால் அதை அரைக்க வேண்டும். இதை வெறும் அறிவியல் என்று நினைக்காதீர்கள். நான் முப்பது வருஷமாக நிர்வாகம் செய்கிறேன், எனக்குத் தெரியும்." முன்வரிசையில் இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் நன்றாக அரைபட்டவர்கள்.

நவம்பர் முதல் தேதி இறந்தவர்கள் தினம். ஊரே கல்லறைக்கு மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு ஓடும். அந்த அவசரத்தில் தெயோஃபில் ஒரு குவளையை மறந்துவிட்டான். ஆறவைக்கச் சொல்லி டாக்டர் ஹால்ஷ்கா கொடுத்தது. யூரோப்பியம் என்கிற அரிய மண் உலோகத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் கரிமக் கைகளைப் பூட்டிய ஏதோ ஒரு சேர்மம். பனிக்கட்டியில் வைத்துச் சட்டென்று ஆறவைக்க வேண்டியதை, ஜன்னலுக்கடியில் இருந்த வெந்நீர்க் குழாய்மேல் வைத்தபடியே அவன் அப்பாவின் கல்லறைக்குப் போய்விட்டான். நாலு நாள் கழித்து வந்து பார்த்தால், குவளையின் அடியில் கல் உப்பு மாதிரி படிகங்கள்.

இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டபோது அவை சிவந்தன. அடுப்பில் ஊதிவிட்ட கங்குகூட அப்படிச் சிவக்காது.

"என்ன செஞ்சீங்க இத?" என்று கேட்டாள் ஹால்ஷ்கா. முப்பத்துநாலு வயசு. எப்போதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை.

"ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. மறந்துட்டேன்."

"எப்படி மறந்தீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். 'வெந்நீர்க் குழாய்மேல் நான்கு நாள் மெதுவாக ஆறியது. கண்டுபிடித்தவர்: தெயோஃபில். முறை: மறதி.' அவன் பெயர் ஒரு காகிதத்தில் நல்லதற்காக ஏறியது அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி வாண்டா சிரிப்பாள் என்று பயம்.

பிறகு உணவறையில் அவள் அவனுடைய தட்டிலிருந்தே ஊறுகாய் வெள்ளரி வில்லைகளை எடுத்து விளக்கினாள்.

"இந்த வில்லைதான் கை. தட்டையா இருக்கா? வெளிச்சத்தை வாங்குறது இதோட வேலை. வாங்கி, நடுவுல உக்காந்திருக்கிற யூரோப்பியத்துக்குக் குடுக்கணும். அது செவப்பாத் திருப்பிக் குடுக்கும். ஆனா பக்கத்துல இருக்கிறதோட தட்டை, இதுமேல நேராப் படிஞ்சு மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. வாங்கினதை அதுங்களுக்குள்ளயே கை மாத்தி மாத்தி, சூடாக்கித் தொலைச்சிடும். நடுவுல இருக்கிறவனுக்கு ஒண்ணும் வராது."

"நம்ம நிலையம் மாதிரி."

"நான் சொல்லல. நீங்க சொன்னது." அவள் மேல் வில்லையைக் கொஞ்சம் நகர்த்தினாள். "உங்க குவளையில நிதானமா ஆறினதால ஒவ்வொண்ணும் கொஞ்சம் சரிஞ்சு உக்காந்திருக்கு, கூரை ஓடு மாதிரி. ஒட்டிக்க வழியில்ல. வாங்கினது அத்தனையும் நடுவுக்குப் போவுது."

"அடியில கூரை தாங்குற முட்டுக்கட்டைய சரிச்சு அடுக்கினா நாலு பேர் சாவான் டாக்டரம்மா."

"இங்க சரிஞ்சாத்தான் பொழைக்கும். அரைச்சா அவ்வளவுதான். எல்லாம் நசுங்கி ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சிடும், அணைஞ்சு போயிடும். ஒரு துளி சாராயம் பட்டா மறுபடி நகர்ந்து சரியும். அது வேற கதை." சொல்லிவிட்டு அந்த வெள்ளரியையும் தின்றுவிட்டாள்.

செய்தி இயக்குநருக்கு எட்டியது. மாடிப்படி ஏறும்போது செய்தி எப்போதும் கொஞ்சம் கழன்றுவிடும். அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே சொல்தான்: அடுக்கு. மறுவாரம் கூட்டம்.

"நம் நிலையத்தில் வெளிச்சம் அடுக்கிலிருந்து வருகிறது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகியிருக்கிறது. இதை நான் வெகு காலமாகவே உணர்ந்திருந்தேன். இன்றுமுதல் இங்கே எல்லாமே அடுக்கப்படும்."

அடுக்கப்பட்டது. கோட்டு மாட்டும் கொக்கிகள் பட்டத்தின் வரிசைப்படி எண்ணிடப்பட்டன. காப்பித் தட்டில் கண்ணாடித் தம்ளர்கள் பதவி வரிசையில் வந்தன. கடைசித் தம்ளர் தெயோஃபிலுடையது. அது வருவதற்குள் வடிகட்டாத தூள் அடியில் இறுகி, காப்பி பச்சைத் தண்ணீராகிவிடும். அலமாரியில் இருந்த குப்பிகளை, உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, யாருடையது என்பதை வைத்து அடுக்கினார்கள். அமிலமும் காரமும் இரண்டு மூத்த பேராசிரியர்களுடையவை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை அலமாரி புகைந்தது. புகையைப் பற்றியும் ஒரு சுற்றறிக்கை வந்தது.

நுழைவாயிலில் மாட்ட ஒரு பெரிய படம் வரைந்தார்கள். நடுவில் யூரோப்பியம், அதன்மேல் இயக்குநரின் பெயரின் முதலெழுத்து. சுற்றிலும் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று, நூல் பிடித்த மாதிரி நேராக.

"ஐயா, தட்டுகள் சரிஞ்சிருக்கணும்," என்றாள் ஹால்ஷ்கா. "இப்படி இருந்தா ஒளிராது."

"படம் ஒளிர வேண்டியதில்லை அம்மா," என்றார் இயக்குநர். "படம் நேராக இருந்தால் போதும்."

அடுத்த வருஷம் டிசம்பரில் தலைநகரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்தது. நிலையத்துக்குத் தரம் போடுவார்கள். ஹால்ஷ்காவின் ஒப்பந்தமும் அந்த டிசம்பரோடு முடிகிறது. படிகம் சிவந்தால் அவளுக்கு நிரந்தர வேலை. சிவக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். அவள் விதியைப் படித்துப் பார்த்து, தன் படிகத்தை அரைக்காமலே காட்ட அனுமதி கேட்டு மனுப்போட்டாள். ஒன்பது வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. 'அரைப்பதிலிருந்து விலக்குக் கோரும் மனுவுடன், அரைக்கப்பட்ட ஆய்வு மாதிரி இரண்டு கிராம் இணைக்கப்பட வேண்டும்.'

அவள் அதைத் தெயோஃபிலிடம் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"தெயோஃபில் ஐயா, குழு முன்னாடி தட்டுல வைக்கப்போறது நீங்கதான். அரைக்காம வைங்க. சிவப்பைப் பாத்துட்டா அப்புறம் யாரு விதியைக் கேக்கப்போறா? கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அவ்வளவுதானே."

"சும்மா சொல்லாதீங்க."

அவன் கையை நீட்டினான். "அடியில இருந்தப்போ நாங்க கை குடுத்தா குடுத்ததுதான். மேல வந்து மாத்திப் பேச மாட்டோம்."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குழவி பிடித்துக் காய்த்துப்போன கை.

குழு வந்தது டிசம்பர் நாலாம் தேதி. புனித பார்பராள் நாள், சுரங்கத் தொழிலாளர் திருநாள். சுரங்கம் இல்லாமல் போய் இருபது வருஷமானாலும் ஊரில் இன்னமும் பித்தளை வாத்தியம் முழங்கும். முந்தின நாள் இயக்குநர் அவனைக் கூப்பிட்டார். அவர் அறைக்கு அவன் போவது இத்தனை வருஷத்தில் இரண்டாம் தடவை.

"உங்கள் விழா உடுப்பு இருக்கிறதா? கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இறகு வைத்த தொப்பி?"

"இருக்கு மாட்சிமை பொருந்திய ஐயா. போட்டு ரொம்ப நாளாச்சு."

"நாளை அதைப் போட்டுக்கொண்டு அரையுங்கள். உழைப்பிலிருந்து வெளிச்சத்துக்கு. குழுவினருக்குப் பிடிக்கும்."

"ஐயா, அந்தப் படிகத்தை அரைச்சா ஒளிராதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெயோஃபில், ஜனவரியில் தேவையற்ற பதவிகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பதவியின் பெயர் என்ன?"

"அரைப்பவர்."

"அரைக்காத இடத்தில் அரைப்பவர் எதற்கு? நான் மிரட்டவில்லை. கேட்கிறேன். எனக்கே பதில் தெரியவில்லை."

தெயோஃபிலின் முழங்கால்கள் அந்த அறையிலேயே வலிக்கத் தொடங்கின.

மறுநாள் கூடத்தில் இரண்டு நீள மேசைகள். நடுவில் கல்வம். ஏழு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர் கொர்னெல், பெரிய மீசைக்காரர். தூக்கம் வராமலிருக்க அடிக்கடி காதைத் தேய்த்துக்கொண்டார். கறுப்புக் கோட்டில் பொத்தான் போடமுடியாத வயிற்றோடு, தலையில் கறுப்பு இறகுத் தொப்பியோடு தெயோஃபில் வந்து நின்றபோது கைதட்டினார்கள். ஓரத்தில் ஹால்ஷ்கா பச்சைச் சட்டையில் நின்றாள். தொப்பியைப் பார்த்துப் புன்னகைத்தாள். கல்வத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் படிகங்களைத் தட்டில் போடுவதுபோலப் போய், கல்வத்தில் போட்டான்.

முதல் இடியில் நறநறவென்று சத்தம் வந்தது. கரி உடையும் சத்தம் அவனுக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. சர்க்கரைக் கட்டியைக் கடிக்கிற மாதிரி, சின்னச் சத்தம். ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். குனிந்து அரைக்கையில் இறகு கல்வத்துக்குள் இறங்கி இறங்கி ஏறியது. அவன் ஒரு தடவையும் தலையை நிமிர்த்தவில்லை.

விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டார்கள். பொடி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"ஒளிரவில்லையே," என்றார் கொர்னெல்.

"ஐயா, அரைச்சதால அடுக்கு நசுங்கிடுச்சு," என்றாள் ஹால்ஷ்கா. குரல் சமமாகத்தான் இருந்தது. "எங்கிட்ட முழுப் படிகம் இருக்கு. காட்டுறேன்."

"அது அரைக்கப்பட்டதா?"

"இல்ல."

"அப்படியானால் அது ஆய்வு மாதிரி இல்லை அம்மா. அது ஒரு பொருள்."

"இந்தப் பொடியிலயே ஒரு துளி சாராயம் விட அனுமதிங்க. திரும்பி வரும்."

இயக்குநர் எழுந்தார். "பணி நேரத்தில் சாராயம் பன்னிரண்டாம் விதிப்படி குற்றம். இந்த இளம் விஞ்ஞானியின் நிலைமை எனக்கு வருத்தம் தருகிறது."

கொர்னெல் காதைத் தேய்த்துக்கொண்டே முடிவைச் சொன்னார். "அறிக்கை ஒளிரும் என்கிறது. பொருள் ஒளிரவில்லை. பொருள் விதிப்படி தயாரானது. ஆகவே பிழை அறிக்கையில். அரைப்பவரை ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். விதியிலிருந்து ஏதாவது விலகல் உண்டா?"

வெளியே தெருவில் பித்தளை வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. ஹால்ஷ்கா அவனைப் பார்த்தாள். அவன் அவளுடைய சட்டையின் பச்சையை மட்டும் பார்த்தான்.

"இல்லீங்க," என்றான்.

கையெழுத்தும் போட்டான். அவன் பெயர் காகிதத்தில் ஏறியது இரண்டாம் தடவை. பக்கத்தில் மூன்று முத்திரை.

அன்றே ஹால்ஷ்கா ஒரு அட்டைப்பெட்டியோடு கிளம்பினபோது படிக்கட்டில் அவன் எதிர்ப்பட்டான். ஒதுங்க இடமில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"உங்க இறகுல பொடி ஒட்டியிருக்கு ஐயா," என்றாள். அவ்வளவுதான். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நிலையத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. நடைமுறை என்கிற பகுதியில் நூற்றுக்கு நூறு. ஒளிர்தல் என்கிற பகுதியில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தார்கள். பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முந்தின கொழுத்த வியாழன் அன்று பாராட்டு விழா. ஊரே பன்றிக்கொழுப்பில் பொரித்த இனிப்பு உருண்டை தின்கிற நாள். இயக்குநர் உருண்டைகளையும் நேராக அடுக்கச் சொன்னதால் அவை இரண்டு தடவை சரிந்து விழுந்தன.

முன்மாதிரி அரைப்பவர் என்று தெயோஃபிலுக்குப் பட்டயம். அதே உடுப்பில் வரவேண்டும் என்று கட்டளை. தொப்பி டிசம்பரிலிருந்து பீரோமேல் கிடந்தது. வாண்டா இரண்டு தடவை தூரிகையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அதைத் தொடாத," என்று அவன் சொல்லிவிட்டான். அவனாலும் அதைத் தொடமுடியவில்லை என்பதுதான் உண்மை.

கூடத்தில் அதே கல்வத்தைப் பொடியோடு கண்ணாடிப் பேழையில் வைத்து, மேலே புற ஊதா விளக்கு போட்டிருந்தார்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இயக்குநர் பேசினார்.

"பாருங்கள். எவ்வளவு சாம்பலாக இருக்கிறது. மற்ற நிலையங்களில் ஒரு நாள் ஒளிரும், ஒரு நாள் ஒளிராது. நம்மிடம் அந்த நிலையின்மை இல்லை."

கொர்னெல் தன் மாமனார் ஊரில் காய்ச்சிய பிளம் சாராயத்தைக் கொண்டுவந்திருந்தார். நெருப்பு வைத்தால் பிடிக்கிற சரக்கு. விழா என்பது பணி நேரம் இல்லை என்பதால் பன்னிரண்டாம் விதி பாயவில்லை. பேழைக்குப் பக்கத்தில் நின்ற தெயோஃபிலின் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்க அப்பாவும் சுரங்கக்காரர்தான் தெரியுமா," என்று சொல்லிக்கொண்டே தம்ளரைத் தூக்கினார். தம்ளர் இறகில் இடித்து, பாதி அவன் தொப்பிமேல் கொட்டியது.

"அடடா. பரவாயில்ல, காஞ்சிடும்."

பாட்டுப் பாடினார்கள். நூறு வருஷம் வாழ்க என்கிற வழக்கமான பாட்டு. இரண்டாவது அடியில் முன்வரிசையில் ஒருவர் நிறுத்தினார். பிறகு இன்னொருவர். பாட்டு ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. எல்லோரும் தன் தலைக்கு மேலே எதையோ பார்ப்பதைத் தெயோஃபில் பார்த்தான். எதிரே ஜன்னல் கண்ணாடி. அதில் ஒரு கறுத்த ஆள் நின்றான், அவன் தலையில் இறகு முழுக்கச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. இழை இழையாக, நுனிவரைக்கும். அந்தக் குவளையில் பார்த்த அதே சிவப்பு.

நூறு பேர் இருந்த கூடத்தில் யாரும் இருமவில்லை.

"சிவப்பு இறகு வாத்தியக்காரர்களுக்கு," என்றார் இயக்குநர் கடைசியில். "இவர் வாத்தியக்காரர் இல்லை. தெயோஃபில், விளக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது."

"இதைக் குறிப்பில் ஏத்தணுமா?" என்று கேட்டார் ஒரு எழுத்தர்.

"எதை?" என்றார் கொர்னெல்.

ஸ்விட்சு தெயோஃபிலின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'அரைச்சது நான்தான், அரைக்காதது எரிஞ்சுது' என்று சொன்னால் போதும். வாய் திறந்தது. கை அதற்கு முன்னால் போய் விளக்கை அணைத்துவிட்டது. இருட்டில் யாரோ நிம்மதியாக மூச்சுவிட்டார். அது அவனாகவும் இருக்கலாம்.

அன்று இரவு அவன் தூங்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு மனுப்படிவத்தில் எழுதினான். குவளையை மறந்தது, கை கொடுத்தது, அரைத்தது, இல்லீங்க என்றது, அணைத்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'பயம்' என்று எழுதினான். சாட்சிப் பொருளாகத் தொப்பியைக் காகிதத்தில் சுற்றி, பதிவறையில் கொடுத்து ரசீது வாங்கினான். நகல் ஒன்று ஹால்ஷ்காவின் விலாசத்துக்குப் போனது. அது 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தது.

நிலையத்தின் பதில் ஐந்தாம் வாரம் வந்தது. தொப்பியும் கூடவே வந்தது. நாலு முத்திரை.

'தங்கள் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. சாட்சிப் பொருள் ஏழாம் விதிப்படி அரைக்கப்பட்ட நிலையில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். கெடு: பதினான்கு நாள். அரைப்பவர்: தெயோஃபில்.'

அரைக்கும் அறையில் நின்றபடி அவன் அதை இரண்டு தடவை படித்தான். தொப்பியை மேசைமேல் வைத்தான். காகிதத்தைக் கிழித்துப்போட வேண்டும், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே நடக்க வேண்டும் என்று தெளிவாக நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தவன் ஒரு சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தான். அவன் கை புதுக் கல்வத்தை அலமாரியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, தொப்பிக்குப் பக்கத்தில் நேராக வைத்திருந்தது.